யாருடைய காது?

1

பியர்சிங் தொழிலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. சென்னையில் ஒரு மாடியறையில் கடை. வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். முதலாவது, ‘ரொம்ப வலிக்குமாண்ணா?’ வலிக்கும் என்றே சொல்லிவிடுவேன். காதின் கீழ்மடலில் கட்டெறும்பு கடித்த மாதிரி இருக்கும், மேலே குருத்தெலும்பில் கொஞ்சம் கூடுதல், மூக்கில் கண்ணில் தண்ணீர் வரும். எல்லாமே இரண்டு மூன்று நொடிதான்.

இரண்டாவது கேள்வி, ‘வீட்டுக்குத் தெரியாம மறைக்க முடியுமா?’

இதைக் கேட்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அல்ல. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெற்றோர் இல்லாமல் நான் நாற்காலியில் உட்காரவைப்பதில்லை. கேட்பவர்களுக்கு 23, 26, 29 வயது. சம்பளம் வாங்குகிறார்கள், வீட்டு வாடகையில் பங்கு தருகிறார்கள், சிலர் தங்கள் பெற்றோரின் மருத்துவச் செலவையும் பார்த்துக்கொள்கிறார்கள். ஆனால் மூக்கில் ஒரு மில்லிமீட்டர் துளைக்கு வீட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். அவர்களின் காதுகளைப் பார்ப்பேன். இரண்டு கீழ்மடலிலும் பழைய துளைகள் இருக்கும். பிறந்த ஒரு வருடத்துக்குள் போட்டவை. அந்தத் துளைகளை யாரும் மறைக்கவில்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, ஊரைக் கூப்பிட்டுப் போட்டார்கள்.

ஒரே உடம்பு. அதில் அவளுக்குத் தெரியாமல் போட்ட துளை கொண்டாட்டம், அவளே தெரிந்து போட்டுக்கொள்ளும் துளை குற்றம். இது ஏன் இப்படி என்று யோசிக்க ஆரம்பித்து, என் தொழிலின் அடிப்படைக் கேள்வியில் வந்து நிற்கிறேன். ஒரு உடம்பில் ஊசியை இறக்க யாருடைய அனுமதி எனக்கு வேண்டும்?

2

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து பார்த்தால் ஊசியால் குத்துவதுதான் வேலை என்று தோன்றும். குத்துவது கடைசி இரண்டு நொடி. அதற்கு முன் அரை மணி நேரம் இருக்கிறது.

கருவிகள் ஆட்டோகிளேவில், அழுத்தத்தில், 121 டிகிரி நீராவியில் வெந்து, உறை பிரிக்காமல் காத்திருக்கும். ஊசி ஒருவருக்கு ஒரு முறைதான். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில்கூட, குறைந்தது ஏழு நாள் உயிரோடிருக்கும். அதனால் இதில் ‘பரவாயில்லை’ என்ற பேச்சே கிடையாது. நகைக்கு டைட்டானியம், உடம்புக்குள் பொருத்தும் தரத்தில். நிக்கல் கலந்த கவரிங் போட்டால் பலருக்கு அரிப்பும் சீழும் வரும். நகைக்கடைகளில் வைத்திருக்கும் கன் என்னிடம் இல்லை. ஊசி கூர்மையாகச் சதையை வெட்டி வழி செய்யும். கன் மொட்டையான கம்மல் முனையை ஸ்பிரிங் விசையில் அடித்துத் திணிக்கும். பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் அதை ஆட்டோகிளேவிலும் வைக்க முடியாது. கீழ்மடல் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும், குருத்தெலும்பும் தொப்புளும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை இழுக்கும். இதையெல்லாம் சொல்லி, அதன் பிறகே கையெழுத்து வாங்குவேன்.

அடுத்து பேனாவால் ஒரு புள்ளி. கையில் கண்ணாடி. ‘இந்த இடம் சரியா?’ சிலருக்கு நான்கு தடவை அழித்து வைத்திருக்கிறேன். பிறகு படுக்கச் சொல்லி, கையுறை மாற்றி, ஊசியை எடுத்த பிறகு கடைசியாக ஒரு முறை கேட்பேன். ‘இப்பகூட வேண்டாம்னு சொல்லலாம். சொல்லணும்னு தோணுதா?’

புதிதாக என்னிடம் வேலை கற்க வந்த பையன் ஒருநாள் கேட்டான். ‘ஏண்ணா, அவங்களே காசு குடுத்து வந்திருக்காங்க, ஃபார்ம்ல சைன் பண்ணிட்டாங்க. நீங்களா எதுக்கு வேண்டாம்ங்கிற வார்த்தையை எடுத்துக் குடுக்கறீங்க?’

நியாயமான கேள்வி. நான் அவனிடம் ஒரு ஜோடியைப் பற்றிச் சொன்னேன். பெண்ணின் நாக்கில் போட வேண்டும் என்று வந்திருந்தார்கள். எந்த இடம், எந்த நகை என்று நான் கேட்டதற்கெல்லாம் அந்தப் பையனே பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். படிவத்தில் கையெழுத்து அவளுடையதுதான். அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். ‘உங்களுக்கு வேணுமா?’ என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘அவன்கிட்ட இன்னைக்கு இந்த சைஸ் ஸ்டாக் இல்லைன்னு சொல்லிடறீங்களா?’ என்றாள். சொன்னேன்.

அவளிடம் சம்மதம் இருந்தது, எழுத்தில் இருந்தது. மறுப்பதற்குத்தான் இடம் இல்லாமல் இருந்தது. கதவைச் சாத்தியதும் அந்த இடம் கிடைத்தது. அன்றிலிருந்து ‘சரி’ என்ற சொல்லை நான் தனியாக நம்புவதில்லை. ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்த்துவிட்டு நம்புகிறேன்.

3

இப்போது குழந்தைகளுக்கு வருவோம்.

என் தாத்தா அருப்புக்கோட்டைப் பக்கத்தில் ஆசாரி. நகை வேலை. குலதெய்வக் கோயில்களில் காதுகுத்து என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். முனையைக் கூராகத் தீட்டிய மெல்லிய தங்கக் கம்பி வைத்திருப்பார். குத்துவதும் அதுதான், குத்திய பிறகு வளைத்து முறுக்கி வளையமாகக் காதில் நிற்பதும் அதுதான். மொட்டை போட்டுச் சந்தனம் தடவிய தலையோடு குழந்தை தாய்மாமன் மடியில் இருக்கும். ஒருவர் வெல்லத்தையோ வாழைப்பழத்தையோ வாயில் வைப்பார், ஒருவர் கிலுகிலுப்பையை ஆட்டுவார். தாத்தா காதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே அழுத்து. அலறல். பிறகு சாப்பாடு.

சுசுருத சம்ஹிதையில், சூத்திரஸ்தானத்தின் பதினாறாவது அத்தியாயம் காது குத்துவதைப் பற்றியது. படித்தபோது எனக்கு ஆச்சரியம். குழந்தைக்கு ஆறாவது அல்லது ஏழாவது மாதத்தில் குத்த வேண்டும், காப்புக்காகவும் அழகுக்காகவும். செவிலித்தாயின் மடியில் உட்காரவைத்து, விளையாட்டுச் சாமான் காட்டி ஆசைகாட்ட வேண்டும். சூரிய ஒளி ஊடுருவித் தெரியும் இயற்கையான இடத்தில் குத்த வேண்டும். ஆணுக்கு வலது காது முதலில், பெண்ணுக்கு இடது. தாத்தா அந்த நூலைக் கண்ணால் பார்த்தவர் அல்ல. ஆனால் மடியும் கிலுகிலுப்பையும் வெளிச்சமும் அப்படியே அவரிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. நானும் இன்றுவரை குருத்தெலும்பில் டார்ச் அடித்து இரத்தக் குழாயைப் பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைக்கிறேன்.

அந்த விளையாட்டுச் சாமான் என்னை யோசிக்க வைத்தது. அந்தக் காலத்திலேயே அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, குழந்தை இதற்கு ஒப்புக்கொள்ளாது என்று. அதனால் கேட்கச் சொல்லவில்லை, கவனத்தைத் திருப்பச் சொல்கிறார்.

சட்டமும் கிட்டத்தட்ட இதே இடத்தில்தான் நிற்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 87-ஆவது பிரிவு, 18 வயதைக் கடந்தவர் சம்மதித்தால் கொடுங்காயமல்லாத தீங்கு குற்றமாகாது என்றது. அதற்கு அது தந்த உதாரணம், பொழுதுபோக்குக்காக வாள் பயிலும் இருவர். 89-ஆவது பிரிவு, 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதன் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவதற்குப் பாதுகாவலரின் சம்மதம் போதும் என்றது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை 25, 27 என்று எண் மாறி அப்படியே தொடர்கின்றன. 12-க்கும் 18-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டு பிரிவிலும் நேரடியான பதில் கிடையாது. இதில் காது குத்துவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ‘நன்மைக்காக’ என்ற சொல் இருக்கிறது. காதில் துளை யாருக்கு நன்மை?

4

நான் குழந்தைகளுக்குக் குத்துவதில்லை என்று சொன்னால் வரும் முதல் எதிர்வாதம் இது. ‘பேரு வைக்கும்போது குழந்தைகிட்ட கேட்டியா? தடுப்பூசி போடும்போது கேட்டியா? தமிழ் பேசலாமான்னு கேட்டியா?’

இது லேசான வாதம் அல்ல. குழந்தையின் சம்மதம் இல்லாமல் எதையும் செய்யக்கூடாது என்றால் அதை வளர்க்கவே முடியாது. ஆனால் இவற்றுக்குள் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தடுப்பூசியை 15 வருடம் தள்ளிவைக்க முடியாது, தள்ளிவைத்தால் அந்த நோய் காத்திருக்காது. மொழியையும் தள்ளிவைக்க முடியாது. பெயர் இல்லாமல் ஒரு குழந்தையைக் கூப்பிட முடியாது. காதுத் துளை காத்திருக்கும். 6 வயதில், 16 வயதில், 60 வயதில் குத்தினாலும் அதே துளைதான். காத்திருக்க முடிகிற விஷயத்தை அந்த ஆள் வரும்வரை காத்திருக்க விடுவதுதானே முறை?

இரண்டாவது எதிர்வாதம், ‘சம்மதம், என் உடம்பு என் உரிமை, இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்த பேச்சு.’ இதற்கு என் தொழிலின் வரலாறே ஒரு வேடிக்கையான பதில் வைத்திருக்கிறது. இன்று நாம் பார்க்கும் பியர்சிங் தொழில் 1975-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜிம் வார்ட் ‘காண்ட்லெட்’ என்ற பெயரில் தொடங்கியதிலிருந்து உருவானது. அந்த வட்டத்தில் முக்கியமானவர் ஃபக்கீர் முசாஃபர் என்று பெயர் வைத்துக்கொண்ட ரோலண்ட் லூமிஸ் (1930–2018). அவரை ஈர்த்தவற்றில் நம்முடைய காவடியும் ஒன்று. வேல்கள் பொருத்திய சட்டகத்தை உடம்பில் குத்திச் சுமந்து பார்த்தவர் அவர். ஆக, பழனிக்கும் பத்துமலைக்கும் போகிறவர்களின் அலகு அமெரிக்கா போய், ஆட்டோகிளேவோடும் படிவத்தோடும் சென்னைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

அந்த அலகையே பாருங்கள். வேண்டிக்கொண்டவர் தானே விரதம் இருக்கிறார். நாள் கணக்கில் தன்னைத் தயார் செய்கிறார். தெருவில் நூறு பேர் நடுவில் தானே கன்னத்தைக் காட்டுகிறார். பிடித்து இழுத்து வந்து யாருக்கும் அலகு குத்துவதில்லை. குத்தினால் அது நேர்த்திக்கடன் ஆகாது என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். வலிக்கு மதிப்பு வருவது அதை ஏற்றுக்கொண்டவரால்தான் என்பதை நாம் எந்த வெள்ளைக்காரரிடமும் கற்கவில்லை. பெரியவர்களுக்கு ஒத்துக்கொண்டதைக் குழந்தைக்கு மட்டும் மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது எதிர்வாதம் என் அம்மாவுடையது. இதுதான் எனக்குக் கஷ்டமானது. ‘உங் கடையில எல்லாரும் தனியா வர்றாங்க, தனியா அழுவுறாங்க, காசு குடுத்துட்டுத் தனியாப் போறாங்க. நம்ம பிள்ளைக்குக் காது குத்துனா நாப்பது பேரு நிக்கிறோம். மாமன் மடியில இருக்கு. உனக்கு இத்தன பேரு இருக்கோம்னு சொல்றதுதான்டா அது. ஓட்டையா முக்கியம்?’

அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. என் கடையில் சம்மதம் சுத்தமாக இருக்கிறது, துணை இல்லை. கோயிலில் துணை நிறைய இருக்கிறது, சம்மதம் இல்லை. சம்மதம் மட்டும் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் நண்பர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. படிவம் யாருடைய கையையும் பிடித்துக்கொள்ளாது.

ஆனால் அம்மாவின் கேள்வியையே திருப்பிக் கேட்கத் தோன்றுகிறது. ஓட்டை முக்கியமில்லை என்றால் ஓட்டை இல்லாமல் அந்த நாற்பது பேரும் வரலாமே. மொட்டை போடலாம், சீர் வைக்கலாம், கிடா வெட்டலாம். அப்படிச் செய்வதில்லை. ஏனென்றால் அந்த நாற்பது பேரின் அன்பு உண்மையானது, கூடவே அதில் ஓர் உரிமையும் இருக்கிறது. ‘நீ எங்களுடையவள்’ என்பதைத்தான் அந்தத் துளை சொல்கிறது. அன்று கேட்க இனிமையாக இருக்கும் அதே சொல்தான் இருபது வருடம் கழித்து, ‘எங்களைக் கேக்காம எப்படி மூக்குக் குத்துன?’ என்று வருகிறது.

5

என் அப்பாவைப் பெற்ற பாட்டிக்குச் சின்ன வயதிலேயே காது வளர்த்திருந்தார்கள். துளையில் ஓலையைச் சுருட்டி வைத்து, பிறகு ஈயக் குணுக்கு தொங்கவிட்டு, கீழ்மடல் தோள்வரை இறங்கும். அதில்தான் தண்டட்டி போடுவது. நீண்ட காது இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற காலம். பாட்டியின் கடைசித் தங்கைக்கும் அப்படியே வளர்த்தார்கள். ஆனால் அவருக்கு வந்த மாப்பிள்ளை வாத்தியார். நீண்ட காது பட்டிக்காட்டுத்தனம் என்றாராம். மதுரைக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் கீழ்மடலை அறுத்துத் தைத்துவிட்டார்கள். சாகும்வரை அந்தத் தையல் தழும்பு அவர் காதில் இருந்தது.

வளர்த்ததும் கல்யாணத்துக்காக, அறுத்ததும் கல்யாணத்துக்காக. நடுவில் ஒருமுறையாவது அந்தக் காதுக்குச் சொந்தக்காரியிடம் யாராவது கேட்டார்களா என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். ‘கேக்கிறதா? எங்கிட்ட என்னத்தய்யா கேக்க?’ என்று சிரித்தார். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை என்பதுதான் எனக்கு வலித்தது.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அம்மா தனியாக மாடியேறி வந்தார். 60 வயது இருக்கும். மூக்கு குத்த வேண்டும் என்றார். பார்த்தால் ஏற்கெனவே துளை இருந்து மூடியிருந்தது. வீட்டுக்காரர் இறந்தபோது மூக்குத்தியைக் கழற்றிவிட்டார்கள், ஏழு வருடத்தில் தூர்ந்துவிட்டது. ‘பத்து வயசுல எங்கம்மா குத்திவிட்டாங்க. அவரு போனப்ப நாத்தனாருங்க கழட்டிட்டாங்க. இப்ப நானா வந்திருக்கேன் தம்பி’ என்றார். புள்ளி வைத்துக் கண்ணாடி கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். வழக்கம்போல, ‘இப்பவும் வேண்டாம்னு சொல்லலாம்மா’ என்றேன். ‘அதத்தான் யாரும் எங்கிட்ட சொன்னதில்ல’ என்று சொல்லிவிட்டுப் படுத்தார். குத்தும்போது அவர் கையைப் பிடித்துக்கொள்ளும்படி என் உதவியாளனிடம் சொன்னேன். அம்மா சொன்ன வாதத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது அது. அன்றிலிருந்து தனியாக வருகிற எல்லோரிடமும் கை பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமா என்று கேட்கிறோம்.

6

போன வருடம் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. பதினோரு மாதம். நான்தான் தாய்மாமன். ஊரில் எல்லோருக்கும் எதிர்பார்ப்பு, மாமனே குத்துவான் என்று. தாத்தா பரம்பரை, அதுவும் பட்டணத்தில் இதே தொழில். முடியாது என்று சொன்னேன்.

‘ஊரான் பிள்ளைக்கெல்லாம் தொப்புள்ல, நாக்குல குத்துற. எம் பிள்ளைக்குக் காதுல குத்த மாட்டியாண்ணே?’ என்று தங்கச்சி அழுதாள். அவர்கள் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், இவள் கேட்கவில்லை என்றேன். அவளுக்கு அது புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். புரிந்தது, ஏற்கவில்லை. மாமியார் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அவளுக்கும் ஒரு நெருக்கடி இருந்தது. அவளுடைய ‘சரி’க்குப் பின்னால்கூட ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் இல்லை.

விழா நடந்தது. வேறோர் ஆசாரி வந்தார். கன் வேண்டாம், ஊசியும் நகையும் நான் தருகிறேன் என்று மட்டும் கேட்டேன், ஒத்துக்கொண்டார்கள். மடி? மடியைக் கொடுத்தேன். குத்த மாட்டேன் என்றவன் மடியை மட்டும் கொடுப்பது போலித்தனம் இல்லையா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் கை ஊசியை எடுத்தால், விஷயம் தெரிந்தவனே செய்கிறான், அதனால் இது சரி என்று ஆகும். அதை நான் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நான் மறுப்பதால் அந்த வலி நிற்கப்போவதில்லை. நிற்காது என்று தெரிந்த பிறகு, அது வரும்போது குழந்தை யார் மடியில் இருக்கிறது என்பதுதான் மிச்சமுள்ள கேள்வி. அவள் அலறி, என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரும் இப்படித்தான் முடிவெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் கடைக்கு மட்டும் ஒரு விதி வைத்திருக்கிறேன். குழந்தைக்கு இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று எழுதிப்போடவில்லை. ‘வேண்டாம்’ என்று அதற்குச் சொல்லத் தெரிய வேண்டும், சொன்னால் கூட வந்தவர்கள் கேட்க வேண்டும். இரண்டாவது பாதிதான் கடினம். மூன்று வயதுக் குழந்தைக்கு முதல் பாதி நன்றாகவே தெரியும்.

சென்ற மாதம் ஒரு ஒன்பது வயதுச் சிறுமி அப்பா அம்மாவோடு வந்தாள். அவளேதான் ஆசைப்பட்டுக் கேட்டாளாம், வகுப்பில் எல்லோரும் கம்மல் போட்டிருக்கிறார்கள். புள்ளி வைத்தேன், கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். ஊசியை எடுத்ததும் முகம் மாறியது. கேட்டேன். வேண்டாம் என்றாள். அம்மாவுக்குக் கோபம். ‘இவ்ளோ தூரம் வந்துட்டு! ஒரு செகண்ட்தான், கண்ணை மூடிக்கோ.’ நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கொஞ்சம் தயங்கி, ‘விடு, அவ இன்னொரு நாள் வரட்டும்’ என்றார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துப் புள்ளியைத் துடைத்துவிட்டேன். வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சிறுமி இறங்கிப் போகும்போது, ‘நான் மறுபடி வந்தா குத்துவீங்களா?’ என்று கேட்டாள். குத்துவேன் என்றேன். ‘வராட்டி?’ என்றாள். வராவிட்டாலும் ஒன்றுமில்லை என்றேன்.